தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

ஸ்பிரிங்வெளியில் படித்த நாம் எல்லோரும் மார்கழிக் குளிரில் ஒளிவிழா மேடையில் வரிசையாக நின்று கீர்த்தனை பாடியவர்கள்தாம். எந்த வீட்டுப் பிள்ளை, எந்த மதத்துப் பிள்ளை என்று அன்று நாம் பார்த்ததில்லை. அந்தக் கீர்த்தனை மரபை வளர்த்த பெரியவர் ஒருவரை இந்த நூற்றாண்டு மலரில் நினைவுகூர்வது பொருத்தமென எண்ணுகிறோம்.

வேதநாயகம் 1774இல் திருநெல்வேலியில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று படிக்க வைத்தார். பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோஜியும் அதே ஐயரிடம் கல்வி கற்றவர். வேதநாயகம் இளம் வயதிலேயே ஆசிரியரானார். பாடல் புனைந்து குழுவோடு பாடியும் வந்தார். அவரது மகள் ஞானதீப அம்மாளும் பாடல் இயற்றியவர்.

அவருடைய பெரும்புகழுக்குக் காரணம் பெத்லகேம் குறவஞ்சி. தலைவனை எண்ணி ஏங்கும் தலைவி, கைபார்த்துக் குறி சொல்லும் குறத்தி, பறவை பிடிக்கும் சிங்கன் என்று ஊரார் நன்கறிந்த நாடகத்தையே அவர் எடுத்துக்கொண்டார். தலைவியைத் திருச்சபையாகவும், தலைவனைக் கிறிஸ்துவாகவும், குறத்தியை விசுவாசமாகவும் ஆக்கினார். பிரிவுத் துயரும், காத்திருப்பும், நற்செய்தி கேட்ட மகிழ்ச்சியும் பக்திப் பாட்டாயின. நோவாவின் பேழையை வைத்து ஞானத்தச்ச நாடகமும் எழுதினார்.

ஒன்றை நாம் மறைக்கக் கூடாது. புதிதாக வந்த மிஷனரிமார் சபையில் சாதி வேறுபாட்டை ஒழிக்க முனைந்தபோது சாஸ்திரியார் அதை எதிர்த்தார். தமிழ்ப் பாட்டையும் வழக்கங்களையும் காக்க எழுந்த அதே குரல், சாதியையும் காக்க எழுந்தது. இந்தப் பிணக்கில் வேலையை இழந்தார். சரபோஜி ஆதரித்தார், 1832இல் மன்னர் மறைந்தபின் வறுமை சூழ்ந்தது. ஆயினும் பாடுவதை நிறுத்தவில்லை. 1864இல் தமது தொண்ணூறாவது வயதில் காலமானார்.

நாடோடிக் குறத்தியின் வாயில் நற்செய்தியை வைத்தவர், சபையில் எல்லோரும் ஒன்றாய் அமர்வதை ஏற்கவில்லை. லயத்திலிருந்து வந்து படித்த எமக்கு இது வலிக்கிறது. ஆனாலும் அவர் வளர்த்த பாட்டு அவரையும் தாண்டி வந்துவிட்டது. நமுனுகுல மலையடியில், கொழுந்து பறிப்போரின் பிள்ளைகளும் துரைமார் கந்தோரில் வேலை செய்தோரின் பிள்ளைகளும் தோளோடு தோள் நின்று ஒரே குரலில் பாடினோம். இனி வரும் தங்கைமாரும் அப்படியே பாட வேண்டும்.