உண்மையைத் தேடிய மருத்துவர்

வாயில்லா உயிர்களுக்குத் தம் வலியைச் சொல்லத் தெரியாது. அவை ஏன் நோயுற்றன, எதனால் இறந்தன என்பதை அவற்றின் உடலையும் இரத்தத்தையும் உண்ட தீவனத்தையும் ஆராய்ந்து கண்டறியும் துறையே கால்நடை நோயியல் ஆகும். இத்துறையில் பெயர் பெற்ற வல்லுநர்களுள் ஒருவர் டாக்டர் பிராங்க் வில்லியம் ஸ்கோஃபீல்ட். கனடாவில் அவர் மாடுகளைத் தாக்கிய ஒரு புதிய நோயின் காரணத்தைக் கண்டுபிடித்தவர். கொரியாவிலோ, மக்கள் பட்ட துயரத்தை உலகறியச் செய்தவர். இரண்டுக்கும் அடிப்படையாக இருந்தது ஒரே பண்புதான். எதையும் நேரில் பார்த்து, சான்றுகளைத் திரட்டி, உண்மையை அஞ்சாமல் சொல்வதே அப்பண்பு.

ஸ்கோஃபீல்ட் 1889ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள ரக்பி நகரில் பிறந்தார். 1907ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில், கனடாவுக்குச் சென்றார். அங்குப் பண்ணையில் வேலை செய்த பின்னர், டொரோண்டோவில் இருந்த ஒண்டாரியோ கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்காலத்தில் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. இடக்கையும் வலக்காலும் வலுவிழந்தன. வாழ்நாள் முழுவதும் ஊன்றுகோலின் துணையோடு நடக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. 1910ஆம் ஆண்டு பட்டம் பெற்று, மறு ஆண்டே முனைவர் பட்டமும் பெற்றார்.

1916ஆம் ஆண்டு ஸ்கோஃபீல்ட் கொரியாவுக்குப் பயணமானார். சியோல் நகரின் செவரன்ஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பித்தார். கொரிய மொழியையும் ஊக்கத்துடன் கற்றுக்கொண்டார். 'சோக் ஹோ-பில்' என்னும் கொரியப் பெயரையும் சூட்டிக்கொண்டார். அப்போது கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. 1919ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் கொரிய மக்கள் விடுதலை கோரி அமைதியாக ஊர்வலம் சென்றனர். ஸ்கோஃபீல்ட் தம் புகைப்படக் கருவியுடன் வீதிக்கு வந்து, அந்தக் காட்சிகளைப் படம் பிடித்தார்.

ஆட்சியாளர்கள் மக்களின் எழுச்சியைக் கடுமையாக ஒடுக்கினர். ஏப்ரல் 15ஆம் நாள் ஜியாம்-ரி என்னும் சிற்றூரில், படைவீரர்கள் ஊர் மக்களைத் தேவாலயத்திற்குள் கூட்டிச் சுட்டனர். பின்னர்க் கட்டடத்திற்கும் வீடுகளுக்கும் தீ வைத்தனர். செய்தியைக் கேள்விப்பட்ட ஸ்கோஃபீல்ட், அதை அப்படியே நம்பவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. சூவோன் நகர்வரை தொடர்வண்டியில் சென்றார். பிறகு, வலுவிழந்த காலுடன் மிதிவண்டியை மிதித்து அவ்வூரை அடைந்தார். எரிந்த இடங்களைப் படம் எடுத்தார். உயிர் பிழைத்தவர்களிடம் விசாரித்து, கண்டவற்றையும் கேட்டவற்றையும் எழுதி வைத்தார். அவருடைய படங்களும் குறிப்புகளும் கொரியாவுக்கு வெளியே சென்றன. மறைக்கப்படவிருந்த கொடுமை உலகின் கண்ணில் பட்டது. 1920ஆம் ஆண்டு அவர் கனடா திரும்பினார்.

மறு ஆண்டு தாம் படித்த கல்லூரியிலேயே ஆசிரியராகச் சேர்ந்தார். அக்காலத்தில் கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதியிலும் மாடுகள் விந்தையான முறையில் இறந்தன. கொம்பு நீக்குதல் போன்ற சிறிய அறுவைக்குப் பின்னும் இரத்தம் உறையாமல் வழிந்துகொண்டே இருந்தது. சில மாடுகள் வெளிக்காயமே இல்லாமல் உடலுக்குள் இரத்தம் கசிந்து மாண்டன. தொற்றுநோயோ என்று உழவர்கள் அஞ்சினர்.

ஸ்கோஃபீல்ட் இறந்த மாடுகளின் உடல்களை ஆராய்ந்தார். கிருமிகள் காரணமல்ல என்று அறிந்ததும், அவை தின்ற தீவனத்தின்மீது கவனத்தைத் திருப்பினார். அவை 'இனிப்புக் குளோவர்' என்னும் செடியின் உலர்தீவனத்தைத் தின்றிருந்தன. ஈரத்தில் கெட்டு, அதில் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒரே குவியலிலிருந்து நல்ல தண்டுகளையும் கெட்ட தண்டுகளையும் தனித்தனியே பிரித்தெடுத்தார். நல்லதை ஒரு முயலுக்கும் கெட்டதை மற்றொரு முயலுக்கும் கொடுத்தார். நல்லதைத் தின்ற முயல் நலமாக இருந்தது. கெட்டதைத் தின்ற முயலோ இரத்தக் கசிவால் இறந்தது. செடி நஞ்சன்று, அது கெட்டுப்போவதே கேடு என்பது இந்த எளிய சோதனையால் தெளிவாயிற்று. கெட்ட தீவனத்தை உழவர்கள் தவிர்க்க வேண்டும் என்பதும் விளங்கியது.

அக்கண்டுபிடிப்பு அத்துடன் நின்றுவிடவில்லை. 1939ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்பவரின் ஆய்வுக் குழுவினர், கெட்ட குளோவரிலிருந்து இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக 'வார்ஃபரின்' உருவானது. முதலில் எலிக்கொல்லியாக விற்கப்பட்ட அது, பின்னர் இரத்தக் கட்டிகளைத் தடுக்கும் மருந்தாக மனிதர்களுக்கும் பயன்பட்டது. மாட்டுக் கொட்டிலில் தொடங்கிய தேடல் மருத்துவமனைவரை சென்றது.

ஸ்கோஃபீல்ட் 1955ஆம் ஆண்டு பணி ஓய்வு பெற்றார். ஆனால், அவர் ஓய்ந்திருக்க விரும்பவில்லை. 1958ஆம் ஆண்டு, போரினால் சீரழிந்திருந்த கொரியாவுக்கு மீண்டும் சென்றார். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் கால்நடை நோயியல் கற்பித்தார். ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் ஏழை மாணவர்களுக்கும் உதவினார். அவரிடம் உதவி பெற்ற மாணவர்களுள் ஒருவரான சுங் உன்-சான், பின்னாளில் தென்கொரியாவின் பிரதமரானார்.

கொரிய அரசு 1968ஆம் ஆண்டு ஸ்கோஃபீல்டுக்கு நாட்டின் உயர் விருதை வழங்கிச் சிறப்பித்தது. 1970ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் அவர் சியோலில் காலமானார். அந்நாட்டின் விடுதலைக்காக உழைத்தவர்கள் உறங்கும் சியோல் தேசியக் கல்லறையில், வெளிநாட்டவரான அவருக்கும் இடம் அளிக்கப்பட்டது.

பேச முடியாத விலங்குகளும் பேச அனுமதிக்கப்படாத மக்களும் அவருடைய கவனத்தைப் பெற்றனர். ஆய்வகத்தில் கற்ற நேர்மையை அவர் வாழ்க்கையிலும் கடைப்பிடித்தார். அதனால்தான் இரு நாடுகள் அவரைத் தம்மவர் என்று உரிமை கொண்டாடுகின்றன.