கதை சொல்லி ஸ்டீவன்சன்

தீவு, புதையல், ஒற்றைக்கால் கப்பல்காரன், அவன் தோளில் அமர்ந்த கிளி! இவற்றைச் சொன்னதுமே நம்மில் பலருக்குப் 'புதையல் தீவு' என்னும் கதை நினைவுக்கு வரும். நம் பள்ளி நூலகத்தில் அட்டை கிழிந்து, ஓரங்கள் மடிந்து, கை மாறிக் கை மாறி வந்த நூல் அது. அதை விரும்பிப் படித்த நாம், எழுதியவர் எத்தகைய வாழ்வு வாழ்ந்தார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் வாழ்வும் ஒரு வீரக்கதையே என்பதை அறியும்போது வியப்படைகிறோம்.

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1850-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் பிறந்தார். கலங்கரை விளக்கங்கள் கட்டுவதே அவருடைய குடும்பத் தொழில். பாட்டனார் கட்டிய பெல் ராக் விளக்கம் இன்றும் நடுக்கடலில் பாறைமீது நிமிர்ந்து நிற்கிறது. தந்தையார் தாமஸும் புகழ்பெற்ற பொறியாளர். ஆனால் அவ்வீட்டின் ஒரே பிள்ளையோ நோஞ்சான். குளிர்காலம் வந்தால் இருமலும் காய்ச்சலும் அவரைப் படுக்கையில் கிடத்திவிடும். பல இரவுகள் உறக்கமின்றிக் கழிந்தன. அவ்வேளைகளில் அலிசன் கன்னிங்ஹாம் என்னும் செவிலித்தாய் அருகில் அமர்ந்து, விவிலியக் கதைகளையும் ஸ்காட்லாந்து வீரர்களின் வரலாறுகளையும் சொல்வார். கேட்ட பிள்ளைக்குத் தானும் கதை சொல்லும் ஆசை பிறந்தது. எழுதும் பழக்கம் வருமுன்பே, ஆறாம் வயதில், மோசேயின் வரலாற்றைத் தாம் சொல்லத் தாயார் எழுதும்படி செய்து பரிசும் பெற்றார்! பிற்காலத்தில் குழந்தைப் பாடல் நூல் ஒன்றை வெளியிட்டபோது, அதை அந்தச் செவிலித்தாய்க்கே காணிக்கையாக்கினார்.

மகனும் பொறியாளராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனின் மனமோ எழுத்திலே இருந்தது. 1871-இல் அதைத் துணிந்து சொன்னபோது தந்தையார் மிகவும் வருந்தினார். எழுத்து சோறு போடாது என்று அஞ்சி, சட்டமாவது படிக்கச் சொன்னார். ஸ்டீவன்சன் அதற்கு இணங்கி 1875-இல் வழக்கறிஞரானார். ஆனால் நீதிமன்றத்தைவிட எழுதுகோலையே நாடினார். 1880-இல் ஃபேனி ஆஸ்போர்ன் என்னும் அமெரிக்க மாதை மணந்தார். அம்மையாரின் முதல் மணத்தில் பிறந்த லாயிட் என்ற சிறுவனைத் தம் மகனைப்போலவே பேணினார்.

1881-ஆம் ஆண்டுக் கோடையில் குடும்பத்தார் ஸ்காட்லாந்தின் பிரேமார் என்னும் ஊரில் தங்கியிருந்தனர். விடாத மழை. வெளியே போக முடியாத லாயிட்டுடன் வண்ணம் தீட்டி விளையாடியபோது ஒரு தீவின் படம் உருவாயிற்று. மலைகளுக்கும் துறைகளுக்கும் பெயர் சூட்டச் சூட்ட, மரங்களிடையே மனிதர்கள் நடமாடுவது போல் அவருக்குத் தோன்றியது. நாளுக்கு ஓர் அதிகாரமாக எழுதி மாலையில் வீட்டாருக்குப் படித்துக் காட்டினார். இதில் நம் நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. எழுத்து வேண்டாம் என்ற அதே தந்தையார் சிறு பிள்ளையைப்போல் ஆவலோடு கதை கேட்டார்! கதையில் வரும் பழைய மாலுமியின் பெட்டியில் என்னென்ன இருந்தன என்ற பட்டியலை அவரே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். தந்தைக்கும் மகனுக்கும் இடையே இருந்த பழைய மனத்தாங்கலுக்கு இதைவிட நல்ல மருந்து ஏது?

பதினைந்து அதிகாரங்களுக்குப்பின் கதை நின்றுவிட்டது. உடல்நலம் தேடிச் சுவிட்சர்லாந்தின் டாவோஸுக்குச் சென்ற பின்னரே அது முடிந்தது. முதலில் ஒரு சிறுவர் இதழில் தொடராக வந்தபோது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1883-இல் நூலாக வந்ததும் பெரியவர்களும் விரும்பிப் படித்தனர். ஒற்றைக்கால் சில்வருக்கு முன்மாதிரி அவருடைய நண்பர் ஹென்லி என்னும் கவிஞர். காசநோயால் காலை இழந்தும் கலங்காதவர் அவர். இக்கதையில் ஜிம்மின் தாயாரைத் தவிரப் பெண்களுக்கு இடமே இல்லை என்பது நமக்குச் சற்றுக் குறைதான். ஆயினும் விடிய விடியப் படித்த நாம் அதை மன்னித்துவிட்டோம்!

தந்தையார் மறைந்தபின், 1888-இல் ஸ்டீவன்சன் குடும்பத்துடன் பசிபிக் பெருங்கடலுக்குப் பயணமானார். 1889 மே மாதம் தொழுநோயாளர் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மொலக்காய் தீவுக்குச் சென்றார். அங்கே பதினாறு ஆண்டுகள் தொண்டு செய்து, அந்நோய்க்கே ஆளான டேமியன் அடிகளார் இறந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. அதே படகில் அத்தீவுக்குப் பணிசெய்யச் சென்ற கன்னியர் இருவரில் ஒருவர் ஓசையின்றி அழுதார். அதைக் கண்டு ஸ்டீவன்சனும் அழுதுவிட்டார். அங்கு ஒரு வாரம் தங்கி, அன்னை மரியான் கோப்பின் பராமரிப்பில் இருந்த ஏழு நோயாளிச் சிறுமியருடன் பந்து விளையாடினார். திரும்பியபின் அவர்களுக்கு ஒரு பியானோவும் அனுப்பிவைத்தார்.

பின்னர் சிட்னி நகரில் இருந்தபோது, மறைந்த அடிகளாரைப் பழித்து ஹைட் என்னும் சபைக்குரு எழுதிய கடிதம் அச்சில் வந்ததைக் கண்டார். ஸ்டீவன்சன் கத்தோலிக்கர் அல்லர். பழித்தவரின் சபை மரபிலேயே வளர்ந்தவர். ஆயினும் உண்மையை நேரில் கண்டவர் வாய்மூடி இருப்பது எப்படி? மறுமொழி வெளியிட்டால் மானநட்ட வழக்கு வரும், உள்ள பொருளெல்லாம் போய்விடும் என்று அஞ்சியதால் முதலில் தம் குடும்பத்தாரைக் கேட்டார். அனைவரும் ஒருமனதாக இசைந்தனர். 1890-இல் அந்தப் பகிரங்கக் கடிதம் வெளிவந்தது. அடிகளாரின் குறைகளை அதில் அவர் மறைக்கவில்லை. குறைகளோடுகூட அவர் உயர்ந்தவரே என்று நிலைநாட்டினார். டேமியன் அடிகளார் 2009-இலும், அன்னை மரியான் 2012-இலும் புனிதர்களாக உயர்த்தப்பட்டனர்.

இறுதியாகச் சமோவா தீவில் வைலிமா என்னும் இடத்தில் வீடு கட்டினார். மக்கள் அவரைத் 'துசிதாலா', அதாவது கதை சொல்லி, என்று அன்போடு அழைத்தனர். ஆனி ஐட் என்ற சிறுமிக்குக் கிறிஸ்துமஸ் அன்றே பிறந்தநாள். தனியாக ஒரு பிறந்தநாள் இல்லையே என்பது அவள் குறை. 1891-இல் ஸ்டீவன்சன் முறைப்படி ஒரு பத்திரம் எழுதித் தம் பிறந்தநாளையே அவளுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார்! தந்தையார் படிக்க வைத்த சட்டம் வீண்போகவில்லை பாருங்கள். உள்நாட்டுப் போரில் சிறைப்பட்ட தலைவர்களைச் சென்று கண்டு உணவு கொடுத்தார். அவர்கள் 1894-இல் விடுதலை பெற்றதும், நன்றியின் அடையாளமாகத் தம் கைகளாலேயே அவர் வீட்டுக்குச் சாலை போட்டுத் தந்தனர்.

அதே ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், நுரையீரல் நோயால் அன்று, மூளையில் இரத்தம் கசிந்து தம் 44-ஆம் வயதில் திடீரென மறைந்தார். அவர் விரும்பியபடி வாயா மலையுச்சியில் அடக்கம் செய்வதற்காகச் சமோவா மக்கள் அடர்ந்த காட்டில் பாதை வெட்டி, உடலைத் தோள்களில் சுமந்து சென்றனர்.

தோழியரே! தலைவலி என்றால் வீட்டுப் பாடத்தைத் தள்ளிப்போடும் நாம், படுக்கையில் கிடந்தபடியே உலகம் போற்றும் கதைகளைப் படைத்தவரை எண்ணிப் பார்ப்போம். கடலில் விளக்கு ஏற்றும் குலத்தில் பிறந்தவர் அத்தொழிலை விட்டார். ஆனால் விளக்கு ஏற்றுவதை அவர் விடவில்லை. அடுத்த முறை நூலகத்தில் அக்கிழிந்த நூலைக் கையில் எடுக்கும்போது, நாமே அதற்கு ஒரு நல்ல அட்டை போட்டு வைப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி