கல்வெட்டில் இல்லாத நந்தினி

நந்தினி நிஜமாவே இருந்தாங்களான்னு படம் பார்த்துட்டு நீங்களும் கூகுள் பண்ணியிருப்பீங்க. இல்லை. அவள் கல்கியின் கற்பனை.

1899-ல் மயிலாடுதுறை பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்தவர் ரா. கிருஷ்ணமூர்த்தி. 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்டார். அடுத்த வருஷமே ஜெயில். 1941-ல் ‘கல்கி’ பத்திரிகை. 1950 முதல் 1954 வரை அதில் ‘பொன்னியின் செல்வன்’ தொடர்.

ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள்னு ரவிதாசன் உள்ளிட்ட சிலரை உடையார்குடி கல்வெட்டு சொல்லுது. ஏன் கொன்றார்கள்? அது அதில் இல்லை. கல்கி பெயரை அப்படியே வச்சுக்கிட்டு, காரணத்தை மட்டும் கற்பனை பண்ணினார். அதுக்குத்தான் நந்தினி.

1954 டிசம்பர் 5-ல், 55 வயதில் மறைந்தார். நாவலை ரசிச்சுப் படிங்க. எது கல்வெட்டு, எது கல்கின்னு மட்டும் பிரிச்சுப் பாருங்க.