தென்னைக்கு வைத்தியம் பார்க்க வந்த டாக்டர்

மனிதனுக்கு நோய் வந்தால் டாக்டர் வருவார். மாட்டுக்கு நோய் வந்தால் மாட்டு டாக்டர் வருவார். தென்னை மரத்துக்கு நோய் வந்தால்?

1907-ம் ஆண்டில் திருவிதாங்கூர் தென்னந்தோப்புகளுக்கும் ஒரு டாக்டர் வந்தார். அவர் பெயர் எட்வின் ஜான் பட்லர். மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கப் படித்துப் பட்டம் பெற்றவர். ஆனால் வாழ்நாள் முழுவதும் அவர் கவனித்தது பயிர்களைத்தான்!

நோயாளிச் சிறுவன்

பட்லர் அயர்லாந்து நாட்டில் கில்கீ என்ற ஊரில் 1874-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி பிறந்தார். தந்தை மாஜிஸ்திரேட்டு.

படிப்பதற்காக மகனை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பையனுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. 1887-ல் ஊருக்குத் திரும்பி வந்துவிட்டான். தனி ஆசிரியர் ஒருவர் பாடம் சொல்லிக் கொடுத்தார். அருகில் நல்ல நூல்நிலையம் இருந்தது. புத்தகங்களே அவனுக்குத் துணை.

உடம்பு தேறியது. கார்க் நகரக் கல்லூரியில் சேர்ந்தார். 1898-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்தக் கல்லூரியில் ஹார்ட்டாக் என்ற பேராசிரியர் இருந்தார். தண்ணீரில் வளரும் நுண்ணிய பூஞ்சைக் காளான்களை அவர் பட்லருக்குக் காட்டினார். அதுமுதல் பட்லரின் மனம் அதிலேயே சென்றது. பாரிஸ் நகருக்கும் சென்று அதைப் படித்தார்.

இந்தியாவில்

1901-ல் பட்லர் இந்தியாவுக்கு வந்தார். பயிர்களுக்கு வரும் காளான் நோய்களை ஆராய்வது அவர் வேலை. முதலில் கல்கத்தா, பிறகு டேராடூன், 1905 முதல் பீகாரில் உள்ள பூசா.

கோதுமையின் துரு நோய், கரும்பின் செவ்வழுகல், துவரையின் வாடல் நோய் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்.

அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கோதாவரிப் பகுதியில் பனை மரங்கள் குருத்து அழுகிச் செத்தன. அதற்குக் காரணமான காளானைப் பட்லர் கண்டுபிடித்து, 1907-ல் அதற்குப் பெயரும் இட்டார். நோய் கண்ட மரங்களை வெட்டி எரித்து, மற்ற மரங்களைக் காக்கும் வேலை நடந்தது.

திருவிதாங்கூரின் துயரம்

இதற்கிடையே திருவிதாங்கூரிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே நோய் வந்தது தென்னைக்கு.

1882-ல் பெருவெள்ளம் வந்தது. அதற்குப் பிறகு ஈராற்றுப்பேட்டைப் பகுதியில் தென்னை மரங்கள் வாடுவதை மக்கள் கண்டார்கள். பிறகு மற்ற ஊர்களிலும் அது தோன்றியது.

நோய் கண்ட மரத்தின் இலைகள் விறைப்பை இழந்து, விலா எலும்புகளைப்போல உட்புறமாக வளையும். ஓலை மஞ்சளாகும். பாளை கருகும். குரும்பை உதிரும். வேர் அழுகும். காய்ப்புக் குறைந்துகொண்டே போகும்.

ஆனால் மரம் உடனே சாகாது! பல ஆண்டுகள் நின்றுகொண்டே இருக்கும். கொடுமையே அதுதான்.

தென்னங்கன்றைப் பிள்ளை என்று சொல்லி வளர்ப்பவர்கள் நம் மக்கள். நாலு காய் தரும் மரத்தை வெட்ட எப்படி மனம் வரும்? வெட்டாமல் விட்டாலோ பக்கத்து மரத்துக்கும் நோய் பரவும்.

பட்லர் தோப்புகளுக்குச் சென்றார். நோயுற்ற வேர்களை ஆராய்ந்தார். அவற்றில் ஒரு காளானைக் கண்டார். அதுவே காரணமாக இருக்கலாம் என்று கருதினார். 1908-ல் அவருடைய அறிக்கை வெளிவந்தது.

பட்லரின் கணக்கு இங்கே தவறிவிட்டது. காரணம் காளான் அல்ல!

அந்தத் தவறுக்கு அவரைக் குறை சொல்ல முடியாது. உண்மையான எதிரியைக் காட்டக்கூடிய எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் அன்று உலகத்திலேயே இல்லை.

புகழும் முடிவும்

பட்லர் 1918-ல் பயிர் நோய்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். 1920-ல் இங்கிலாந்துக்குத் திரும்பினார். அங்கே கியூ என்ற இடத்தில் தொடங்கப்பட்ட காளான் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவரே முதல் டைரக்டர். பல நாடுகளிலிருந்தும் வரும் காளான்களைச் சோதித்துப் பெயர் சொல்வது அந்த நிலையத்தின் பணி.

1939-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1943-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி காலமானார். இந்தியப் பயிர் நோய் ஆராய்ச்சியின் தந்தை என்று அவரைப் போற்றுகிறார்கள்.

தென்னையின் எதிரி யார் என்பது அவர் காலத்தில் தெரியவே இல்லை.

எதிரி அகப்பட்டான்

தேடுதல் மட்டும் நிற்கவில்லை. காயங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1983-ல் விஞ்ஞானிகள் நோயுற்ற மரத்தின் திசுக்களை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். இலை தயாரிக்கும் உணவைக் கொண்டு செல்லும் நுண்குழாய்களில் எதிரி ஒளிந்திருந்தது. அதன் பெயர் ஃபைட்டோபிளாஸ்மா. பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. ஆனால் அதற்குச் செல்சுவர் கிடையாது. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் அதை மரத்துக்கு மரம் சுமந்து செல்கின்றன.

இந்த நோயை அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் சமாளிக்க வழி உண்டு.

நோய் புதிதாக நுழைந்த இடத்தில் நோயுற்ற மரங்களை அகற்றிவிட வேண்டும். நோய் வேரூன்றிய பகுதியில், ஆண்டுக்கு 10 காய்கூடத் தராத மரங்களை வெட்ட வேண்டும். மற்ற மரங்களுக்குத் தொழு உரமும் ரசாயன உரமும் அளவோடு இட வேண்டும். மரத்தடிப் பாத்தியில் சணப்பையோ தட்டைப்பயறோ விதைத்து மடக்கி உழ வேண்டும். கோடையில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். மழையில் நீர் தேங்க விடக்கூடாது. இப்படிக் கவனித்தால் மரம் நோயோடும் ஓரளவு காய்க்கும்.

காசர்கோடு ஆராய்ச்சி நிலையம் கல்பரக்ஷா, கல்பஸ்ரீ, கல்ப சங்கரா என்னும் ரகங்களை வெளியிட்டிருக்கிறது. நோய் நிறைந்த தோப்புகளில் தாக்குதலுக்குத் தப்பி நின்ற மரங்களைத் தேடி எடுத்து உருவாக்கியவை அவை.

கேரள வாடல் நோய் என்ற பெயரில் இந்த வியாதி கன்னியாகுமரி, தென்காசி, தேனி, கோவை மாவட்டங்களிலும் நுழைந்திருக்கிறது. தோப்பு வைத்திருப்பவர்கள் அவ்வப்போது அண்ணாந்து பார்க்க வேண்டும். இலை உட்புறமாக வளைந்திருந்தால் தெய்வ குற்றம் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. உடனே வேளாண்மை அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும். மரத்தின் நோய்க்கும் ஒரு காரணம் உண்டு, தேடினால் அது கிடைக்கும் என்ற நம்பிக்கையோடுதான் பட்லர் அன்று தென்னை வேரை எடுத்து ஆராய்ந்தார்.