உடலும் உள்ளமும் ஒருங்கறிந்த ஹகீம் அஜ்மல்கான்

நெய்வேலியிலிருந்து பண்ணுருட்டி வழியாகத் திருவதிகை செல்வோர் கெடிலக் கரையில் வீரட்டானத்தைக் காண்பர். தருமசேனர் என்னும் பெயருடன் வேற்றுச் சமயத்தில் விளங்கிய மருணீக்கியாரைச் சூலைநோய் பற்றியதும், எம்மருந்தாலும் அது தணியாமையும், தமக்கையார் திலகவதியாரை நாடி அவர் இவ்வூர் வந்தமையும், நோய் நீங்கி நாவுக்கரசரானமையும் தமிழ் பயில்வார் யாவரும் அறிந்த வரலாறே. எம் துறை மாணவர்களுடன் ஒருமுறை அங்குச் சென்றிருந்தபோது, அந்நோய் வயிற்றில் தோன்றியதா, உள்ளத்தில் தோன்றியதா என்று ஒரு மாணவர் வினவினார். பெரியபுராணத்தைப் பாடமாகச் சொல்லும் நமக்கு அவ்வினா எளிதாக இல்லை. உடலையும் உள்ளத்தையும் இருவேறாகப் பிரித்துக் கேட்கும் பழக்கம் எப்போது நம்மிடம் புகுந்தது என்ற எண்ணமே மேலோங்கியது. அப்படிப் பிரித்துப் பாராத மருத்துவ மரபொன்று நம் முன்னோரிடமும் இருந்தது. அம்மரபை அழியாது காத்த பெரியார் ஒருவரின் வாழ்வை இவண் எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஹகீம் அஜ்மல்கான் 1868ஆம் ஆண்டு தில்லியில் பிறந்தார். முன்னோருள் ஒருவரான ஷரீஃப்கான் முகலாய அரசவையில் புகழ்பெற்ற மருத்துவர். பல்லிமாரான் பகுதியிலுள்ள அவர்களது இல்லம் ஷரீஃப் மன்ஸில் எனப்பட்டது. இளமையிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்து ஹாஃபிஸ் ஆனார் அஜ்மல்கான். அரபும் பாரசீகமும் கற்றார். பின்னரே தந்தையாரிடமும் தமையன்மாரிடமும் மருத்துவம் பயின்றார். இவ்வரிசை தற்செயலானதன்று. இறைமறை ஓதிய பின்னரே நோயாளியின் நாடியைத் தொடவேண்டும் என்பது அக்குடும்பத்தின் நெறியாக இருந்தது எனலாம்.

அவர் கற்ற யூனானி மருத்துவம் கிரேக்கத்தில் தோன்றி, பக்தாதில் அரபு மொழி பெற்று, இப்னு சீனாவின் கானூன் என்னும் பெருநூலில் முழு வடிவம் எய்தியது. நம் சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என மூன்று கூறுவது போல, யூனானி குருதி, கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு கூறும். இவற்றின் கலப்பால் ஒவ்வொருவர்க்கும் அமையும் தனியியல்பு மிசாஜ் எனப்படும். நலத்துக்கு இன்றியமையாதன ஆறு என்றும் அம்மருத்துவம் வகுத்தது. காற்று, உணவும் நீரும், உடலின் அசைவும் ஓய்வும், உள்ளத்தின் அசைவும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிவனவும் தங்குவனவும் என்பன அவை. உள்ளத்தின் அசைவு உணவுக்கும் உறக்கத்துக்கும் நிகராக இப்பட்டியலில் வைக்கப்பட்டிருப்பதைக் காண்க. சினமும் அச்சமும் துயரும் நாடியில் தெரியும் என்றே ஹகீம்கள் நம்பினர். நோன்பும் தொழுகையும் மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வன அல்ல. மருந்து ஏற்கும் நிலையை உடலுக்கும் உள்ளத்துக்கும் தருவன. ஓதிப் பார்த்தால் போதும், மருந்து வேண்டா என்பாரை இக்காலத்தும் நாம் காண்கிறோம். அஜ்மல்கான் ஒருநாளும் அக்கட்சியில் நின்றவர் அல்லர்.

1892ஆம் ஆண்டில் இராம்பூர் நவாபின் தலைமை மருத்துவராகச் சென்ற அவர், ஏறத்தாழப் பத்தாண்டுகள் அங்கிருந்தார். அவ்வூர் நூலகத்தின் சுவடிகள் அவர்க்குப் பெருவிருந்தாயின. தமையனார் மறைந்தபின் தில்லி திரும்பி, தமையனார் நிறுவிய மருத்துவப் பள்ளியின் பொறுப்பேற்றார். காலைதோறும் ஷரீஃப் மன்ஸிலில் நோயாளிகள் குழுமுவர். அவர்களிடம் கட்டணம் பெறுவதில்லை. வெளியூர் வருமாறு அழைக்கும் செல்வரிடமும் சிற்றரசரிடமும் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் பெற்றார் என்பர். அக்காலத்தில் அது பெருந்தொகை. ஆனால் இல்லம் தேடி வந்த ஏழையிடம் அக்கை நீண்டதில்லை. மருந்துகளைச் செய்து விற்க ஹிந்துஸ்தானி தவாகானா என்னும் நிலையத்தையும் அவர் கண்டார். அதன் வருவாய் அவர் வீட்டுக்குச் செல்லவில்லை. மருத்துவக் கல்விக்கே சென்றது. தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்துக்குள் மறைத்துக் காத்த மருந்து முறைகளைப் பொதுவாக்கியது, பணத்தைத் துறப்பதினும் அரியதோர் ஈகம் என்பது நம் கருத்து. 1909ஆம் ஆண்டில் பெண்களுக்கு மகப்பேற்றுப் பயிற்சி தரும் பள்ளியையும் தொடங்கினார்.

அப்போது ஓர் இடர் வந்தது. மேனாட்டு மருத்துவம் பயின்றோரை மட்டுமே பதிவு செய்யும் சட்டங்களை மாகாண அரசுகள் இயற்றத் தொடங்கின. பம்பாயில் 1912ஆம் ஆண்டிலும் நம் சென்னை மாகாணத்தில் 1914ஆம் ஆண்டிலும் அவை வந்தன. ஹகீமும் வைத்தியரும் போலிகளாகக் கருதப்படும் நிலை நெருங்கிற்று. அஜ்மல்கான் 1910ஆம் ஆண்டிலேயே ஹகீம்களையும் ஆயுர்வேத வைத்தியர்களையும் ஒரே மாநாட்டில் கூட்டினார். இரு மருத்துவங்களும் தனித்தனியே நின்றால் இரண்டும் வீழும் என அவர் உணர்ந்திருந்தார். ஆயினும் வெறும் எதிர்ப்போடு அவர் நின்றாரில்லை. உடற்கூற்றியலும் அறுவை மருத்துவமும் நம்மவர்க்கு வேண்டும் என்றார். பழமையாளர் சிலர்க்கு இது கசந்தது.

1911ஆம் ஆண்டில் அவர் ஐரோப்பா சென்றார். இலண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் டாக்டர் அன்சாரி அப்போது பணியாற்றினார். அங்கு ஒரு நோயாளிக்குப் பித்தப்பையில் அழற்சி என்று தலைமை அறுவை மருத்துவர் கருத, குடலின் தொடக்கத்தில் புண் என்று அஜ்மல்கான் கணித்தாராம். அறுத்துப் பார்த்தபோது ஹகீமின் கணிப்பே மெய்யாயிற்று என அவர் வரலாற்றை எழுதுவோர் கூறுவர். அந்த ஆங்கில மருத்துவர் தம் பிழையை ஒப்பி அவருக்கு விருந்தளித்தார் என்பதே இக்கதையில் நமக்கு உவப்பான பகுதி.

தில்லி கரோல்பாகில் ஆயுர்வேத, யூனானி திப்பியா கல்லூரிக்கு 1916ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் ஹார்டிஞ்சு பிரபு அடிக்கல் நாட்டினார். 1921ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் அதனைத் திறந்து வைத்தவர் காந்தியடிகள். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நாடும் மாறியிருந்தது, ஹகீமும் மாறியிருந்தார். ஆங்கில அரசு தந்த ஹாஸிக்குல் முல்க் பட்டத்தை 1920ஆம் ஆண்டில் அவர் துறந்தார். மக்கள் மஸீஹுல் முல்க் என்று தாமே பட்டம் சூட்டினர். திறப்பு விழாவில் காந்தியடிகள் வெறும் புகழுரை கூறவில்லை. மேனாட்டறிஞரின் ஆராய்ச்சி வேட்கையை நாட்டு மருத்துவரும் கைக்கொள்ள வேண்டும் என அறிவுறுத்தினார். அஜ்மல்கானின் எண்ணமும் அதுவே. இக்காலத்தில் சென்னை அரசும் முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைத்தது. 1923ஆம் ஆண்டில் அதன் அறிக்கை வெளிவந்தது. 1925ஆம் ஆண்டில் சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றும் பயிற்றும் பள்ளி சென்னையில் தோன்றியது. வடக்கே எழுந்த அலை தெற்கையும் தொட்டது எனலாம்.

ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவின் முதல் வேந்தராக 1920ஆம் ஆண்டிலும், சித்தரஞ்சன்தாஸ் சிறைப்பட்டமையால் அகமதாபாத் காங்கிரசின் தலைவராக 1921ஆம் ஆண்டு இறுதியிலும் அவர் பொறுப்பேற்றார். நிதியின்றித் தள்ளாடிய ஜாமிஆவை 1925ஆம் ஆண்டில் அலிகரிலிருந்து தில்லிக்குக் கொணர்ந்து காத்தவரும் அவரே.

ஆனால் அவர் நலம் குன்றியது இவ்வாண்டுகளில்தான். 1924ஆம் ஆண்டில் தில்லித் தெருக்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் மோதிக்கொண்டனர். இரு சமயத்தாரின் நாடியையும் ஒரே இல்லத்தில் தொட்டுப் பார்த்தவர் அவர். காந்தியடிகள் 21 நாள் உண்ணாநோன்பு இருந்ததும் அவ்வாண்டில் அந்நகரில்தான். ஒற்றுமைக்கு ஹகீம் எடுத்த முயற்சிகள் முழுப்பயன் தரவில்லை. ஆறனுள் ஒன்றாக ஹகீம்கள் வைத்த உள்ளத்தின் ஓய்வு அவர்க்கே வாய்க்கவில்லை. 1927ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் இராம்பூரில் இதயநோயால் அவர் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். உடல் தில்லியில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் மறைவுக்குப் பின் நிகழ்ந்ததொன்றையும் சொல்லவேண்டும். சலீமுஸ்ஸமான் சித்தீகி என்னும் இளைஞர் ஜெர்மனியில் வேதியியல் பயில ஹகீம் பொருளுதவி செய்திருந்தார். அவ்விளைஞர் தில்லி திரும்பித் திப்பியா கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் சர்ப்பகந்தி வேரை ஆராய்ந்தார். மனக்கலக்கம் உற்றார்க்கு நாட்டு மருத்துவர் நெடுங்காலம் கொடுத்து வந்த வேர் அது. 1931ஆம் ஆண்டில் அதிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களுள் ஒன்றுக்குத் தம் புரவலரின் பெயரால் அஜ்மலின் என்று பெயரிட்டார். அதே வேரிலிருந்து 1952ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் பிரிக்கப்பட்ட ரெசர்பின் குருதி அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் மருந்தாயிற்று. அஜ்மலின் ஆராயப்பட்டபோது, அது இதயத் துடிப்பின் ஒழுங்கைச் சீர்செய்யும் ஆற்றலுடையது எனத் தெரியவந்தது. இன்றும் இதயத்தின் சில அரிய கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர் அதனைப் பயன்படுத்துகின்றனர்.