பத்து வெள்ளியில் தோட்டம் வாங்க வைத்தவர்

துன் வீ.தி. சம்பந்தன் 1919ல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். ரப்பர் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. 1955ல் ம.இ.கா. தலைவரானார், அதே ஆண்டு தேர்தலில் ஜெயித்து அமைச்சருமானார்.

அந்தக் காலத்தில் துரைமார் தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள். வேலையோடு லயத்து வீடும் போச்சு. நம்மவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

அவர் 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய் நம்மிடம் கேட்டது மாதம் 10 வெள்ளி. 100 வெள்ளி சேர்ந்தால் ஒரு பங்கு. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் பால்வெட்டுக்காரன் சொத்தாச்சு.

1979ல் அவர் கண்மூடியபோது, அப்பா விட்டுப்போன நிலத்தில் கொஞ்சம்தான் மிச்சம்.

சிரம்பான், பகாவ் பக்கத்து வீடுகளில் தாத்தாவின் பங்குப் பத்திரம் தகரப்பெட்டியில் கிடக்கலாம். தேடிப் பார்ப்போம், பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.