நா எழாத இளைஞர் அமைத்த மன்றம்

எமது கல்லூரியின் தமிழ்ப் பேச்சு மன்றத்தில் நான் சேர்ந்தபோது தரம் எட்டில் படித்துக்கொண்டிருந்தேன். முதன்முதலாக மேடையேறிய அன்று அவையோரை விளித்ததோடு சரி, அடுத்த வரி வரவில்லை. கையிலிருந்த தாள் மட்டும் நடுங்கியது. அழுதுகொண்டே இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து, இனி மன்றத்துக்குப் போகமாட்டேன் என்றேன். வாப்பா மறுத்து எதுவும் சொல்லவில்லை. அலுமாரியிலிருந்து பழைய புத்தகமொன்றை எடுத்துத் தந்தார். அது மகாத்மா காந்தியின் சத்திய சோதனை.

1869 ஒக்டோபர் 2ஆம் திகதி குஜராத்தின் போர்பந்தரில் பிறந்த அவர், பிற்காலத்தில் இலட்சக்கணக்கானோர் முன் பேசியவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் புத்தகத்தில் நான் சந்தித்த சிறுவனோ, யாராவது பேச்சுக்கொடுத்துவிடுவார்களோ என்று அஞ்சிப் பாடசாலை விட்டதும் வீட்டுக்கு ஓடிவிடுபவனாக இருந்தான்.

1888இல் சட்டம் படிக்க அவர் லண்டன் சென்றார். கூச்சமும் கூடவே கப்பலேறியது. அங்கே மரக்கறி உணவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. கூட்டங்களுக்குத் தவறாமல் போவார், வாய் திறக்கமாட்டார். ஒருமுறை, மாறுபட்ட கருத்துக்கொண்ட உறுப்பினர் ஒருவரைச் சங்கத்திலிருந்து நீக்கலாமா என்ற விவாதம் எழுந்தது. அது அநியாயம் என்று அவருக்குப் பட்டது. அதைச் சொல்ல நா எழாததால் எழுதிக்கொண்டு போனார். எழுதியதை வாசிக்கவும் அவரால் முடியவில்லை, வேறொருவர்தான் வாசித்தார். முடிவில் அவர் சார்ந்த பக்கம் தோற்றது. வென்ட்னர் என்ற கடலோர ஊரில் நடந்த கூட்டத்திலும் அப்படியே. ஒரு பக்க அளவே இருந்த பேச்சை வாசிக்க எழுந்தவருக்குக் கண் மங்கி உடல் நடுங்கியது. நண்பர் ஒருவர் அதை வாங்கி வாசித்தார்.

1891இல் பாரிஸ்டராக நாடு திரும்பினார். பம்பாயில் சிறு வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் முதல் வழக்கு, கட்டணம் 30 ரூபா. குறுக்கு விசாரணைக்காக எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்விகூடத் தோன்றவில்லை. வேறு சட்டத்தரணியை அமர்த்திக்கொள்ளும்படி கூறிவிட்டு வெளியேறினார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று மேடையில் எனக்கு நேர்ந்தது அப்படியே அவருக்கும் நேர்ந்திருந்தது.

1893இல் தாதா அப்துல்லா என்ற முஸ்லிம் வணிகரின் வழக்குக்கு உதவ அவர் தென்னாபிரிக்கா சென்றார். முதலாம் வகுப்புப் பயணச்சீட்டு கையில் இருந்தும், நிறத்தைக் காரணம் காட்டிப் பீற்றர்மரிற்ஸ்பேர்க் நிலையத்தில் அவரை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்கள். இது பலரும் அறிந்த கதை. அதன் பின் பிரிட்டோரியாவில் அவர் செய்த காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அந்நகரில் வாழ்ந்த இந்தியர்களை அவர் ஒன்றுகூட்டினார். ஒரு முஸ்லிம் வணிகரின் இல்லத்தில் கூட்டம் நடந்தது. வந்தவர்களுள் பெரும்பாலானோர் மேமன் வணிகர். வியாபாரத்தில் உண்மை பேசுவது பற்றியும், சுத்தம் பற்றியும், மத, மொழி வேறுபாடுகளை மறந்து ஒன்றுபடுவது பற்றியும் காந்தி அங்கே பேசினார். அதுவே அவர் வாழ்வின் முதல் பொதுப் பேச்சு. இம்முறை அவர் தடுமாறவில்லை. தன்னைப் பற்றிப் பிறர் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணத்தைவிட, அந்த மக்களின் நிலை அவருக்குப் பெரிதாகிவிட்டது என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

அவர் அத்தோடு நிறுத்தவில்லை. அக்கூட்டங்கள் தொடர்ந்து நடந்தன. ஆங்கிலம் கற்க விரும்பிய மூவருக்கு, அவர்களுடைய இடங்களுக்கே சென்று கற்பித்தார். ஒருவர் முடி திருத்துபவர், ஒருவர் எழுதுவினைஞர், மற்றவர் சிறுகடைக்காரர்.

இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் சட்டமூலத்தை எதிர்ப்பதற்காக 1894இல் நேற்றால் இந்தியக் காங்கிரஸ் உருவானது. காந்தி அதன் செயலாளர். உறுப்பினர் பலர் சபையில் பேசிப் பழக்கமில்லாதவர்கள். கூட்ட நடைமுறைகளை அவர் அவர்களுக்கு விளக்கினார். படிப்படியாக அவர்கள் பொதுக் காரியங்களைப் பற்றிச் சிந்திக்கவும் எழுந்து பேசவும் பழகினார்கள். அந்நாட்டிலேயே பிறந்த இந்திய இளைஞருக்காகத் தனியாக ஒரு கல்விச் சங்கமும் தொடங்கப்பட்டது. அது நம்முடைய பேச்சு மன்றம் போன்றதுதான். உறுப்பினர்கள் ஒழுங்காகக் கூடி வெவ்வேறு தலைப்புகளில் பேசினார்கள், கட்டுரை வாசித்தார்கள். சிறு நூலகமும் இருந்தது.

1906 செப்டெம்பர் 11ஆம் திகதி ஜொஹன்னஸ்பேர்க் எம்பயர் அரங்கில் மாபெரும் கூட்டம் நடந்தது. அநீதியான பதிவுச் சட்டத்துக்குப் பணிவதில்லை என இறைவனை முன்னிறுத்திச் சத்தியம் செய்வோம் என்று அங்கே எழுந்து சொன்னவர் காந்தி அல்லர். ஹாஜி ஹபீப் என்ற வணிகர். காந்தி அந்தச் சத்தியத்தின் பாரத்தை மட்டும் எடுத்து விளக்கினார். சத்தியாக்கிரகம் அங்கிருந்துதான் பிறந்தது.

1927 நவெம்பரில் அவர் இலங்கைக்கும் வந்தார். யாழ்ப்பாணத்தில் நம்மைப் போன்ற மாணவியர் முன்னும் பேசினார். தமது பழைய கூச்சம் சொற்களைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்றுத்தந்ததாக அவரே எழுதியிருக்கிறார். 1948 ஜனவரி 30ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நான் மன்றத்துக்குத் திரும்பிப் போனேன். மெல்ல மெல்லப் பேச்சும் வந்தது. சென்ற ஆண்டு மன்றச் செயலாளராகத் தெரிவானேன். தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்கியதால் நன்றாகப் பேசும் நால்வருக்கே வாரந்தோறும் நேரம் ஒதுக்கினேன். தரம் ஏழில் படிக்கும் தங்கை ஒருத்தி மூன்று வாரம் பின்வரிசையில் தாளோடு காத்திருந்தாள். நான்காம் வாரம் அவள் வரவில்லை. அவளுடைய பெயரைப் பட்டியலில் வெட்டப் பேனா எடுத்தபோதுதான் நேற்றால் சங்கத்தின் நினைவு வந்தது. நன்றாகப் பேசுவோரை மட்டும் சேர்த்திருந்தால், அதை அமைத்தவருக்கே அதில் இடம் கிடைத்திருக்காது.

மறுநாள் அவளைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். முதலில் அவள் சம்மதிக்கவில்லை. பொறுப்பாசிரியையின் அனுமதியோடு, ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பதினைந்து நிமிடத்தை இதுவரை பேசாதவர்களுக்கு என்று மாற்றினோம். பயிற்சி நேரம் குறைந்தது. போட்டியில் எங்களுக்கு இரண்டாமிடமே கிடைத்தது. எனக்கு அதில் வருத்தம் இல்லாமலில்லை.

ஆனால் அதற்கடுத்த வாரம் அந்தத் தங்கை வந்தாள். தான் வளர்க்கும் கோழிகளைப் பற்றி மூன்று நிமிடம் பேசினாள். முதல் நிமிடம் முழுவதும் அவள் கையிலிருந்த தாள் நடுங்கிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நிமிடத்தில் அதை மேசையில் வைத்துவிட்டாள்.